பாறையேறுவோரின் முழங்கையும் தோளும்

ஜெர்மனியின் ஃப்ராங்கன்யூரா சுண்ணாம்புப் பாறைகளில், அந்நாளில் உலகத்திலேயே கடினமானதென்று கருதப்பட்ட ‘ஆக்சியோன் டிரெக்ட்’ என்னும் பாதையை 1991-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏறி முடித்த வொல்ஃப்காங் கூலிக், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, கால்களை ஊன்றாமல் கைகளின் பலத்தை மட்டும் துணைக்கொண்டு மேலே தாவிச் செல்வதற்கென்று மரச்சட்டங்கள் பதித்த பலகை ஒன்றை நூரம்பர்க் நகரத்தில் அமைத்திருந்தார். ‘கேம்பஸ் பலகை’ என்று இன்று வழங்கும் அச்சாதனம் உலகெங்கும் பயிற்சிக்கூடங்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் பல ஆண்டுகள் பாறையில் பழகிய சரீரத்துக்கு உகந்த அந்த அப்பியாசத்தை, ஏறத் தொடங்கிய சில மாதங்களிலேயே மேற்கொள்ளும் இளைஞர்கள் முழங்கை வலியோடு வைத்தியரை நாடுவது சர்வசாதாரணமாகிவிட்டது.

இதன் காரணம் நம் தேக அமைப்பிலேயே இருக்கிறது. இரத்த ஓட்டம் மிகுந்த தசை சில வாரங்களிலேயே பலம் பெற்றுவிடுகிறது. அதை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ, இரத்த ஓட்டம் குறைந்ததாகையால், அதே அளவு உறுதி பெற மாதக்கணக்காகிறது. விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளிற் பல முழங்கையின் உட்புற எலும்பு முனையில் வந்து கூடுவதால், சிறு பிடிகளைப் பற்றித் தொங்கும் ஒவ்வொரு முறையும் பளு அந்த இடத்திலேயே விழுகிறது. முதலில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் தலைகாட்டும் வலி, நாளடைவில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் கதவைத் திறக்கும்போதும் சுரீரென்கிறது.

தோளின் கதை வேறு. ஆழமில்லாத குழியில் அமர்ந்திருக்கும் பந்து மூட்டை நான்கு சிறு தசைகள் சூழ்ந்து நின்று காக்கின்றன. களைத்த நிலையில் தோள்கள் காதுவரை உயர உடம்பைத் தொங்கவிடுவோர் அந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறார்கள். தோள்பட்டை எலும்புகளைச் சற்றே கீழிறக்கி, தசைகளை விழிப்புடன் வைத்துத் தொங்கப் பழகவேண்டும். இழுக்கும் தசைகளுக்கு ஈடாக, தண்டால் போன்ற பயிற்சிகளால் தள்ளும் தசைகளையும் வளர்க்கவேண்டும். இதை அலட்சியம் செய்யாத ஏறுநர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

வலி வந்தபின் பூரண ஓய்வே பரிகாரம் என்ற பழைய நம்பிக்கை இப்போது தளர்ந்துவிட்டது; அளவறிந்து ஏற்றும் பளுவே தசைநாணை வலுப்படுத்துகிறது. உட்புற முழங்கை வலிக்கு, முன்கையை மேஜைமேல் கிடத்தி, உள்ளங்கை மேனோக்க மணிக்கட்டு விளிம்புக்கு அப்பால் நீட்டியிருக்க, சிறு டம்பெல்லை மற்றக் கையால் மேலே உயர்த்திவிட்டு, நோயுற்ற கையால் மட்டும் நிதானமாகக் கீழே இறக்கவேண்டும். இடையில் தோன்றும் இலேசான வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் அஞ்சவேண்டியதில்லை. தணியாவிட்டால் பளுவைக் குறைக்கவேண்டும். பலன் காணப் பல வாரங்கள் பொறுத்திருப்பது அவசியம். விரைந்து சுகம் தரும் ஸ்டீராய்டு ஊசியை நாடுவது விவேகமன்று: முழங்கையின் வெளிப்புற வலியைக் குறித்து 2010-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, முதற் சில வாரங்களில் அது நிவாரணம் தந்தாலும், பிந்திய மாதங்களில் மற்ற சிகிச்சைகளைவிடப் பலன் குறைந்ததென்று காட்டிற்று.

குணமாகி வருபவர், கைகளையே நம்பித் தொங்கவேண்டிய கவிந்த பாறைகளை விட்டு, கால்கள் பாரந்தாங்கும் சரிவுப் பாறைகளில் முதலில் ஏறவேண்டும். ஆனால் விழுந்தபோது தோளில் சட்டென ஓசை கேட்டிருந்தாலோ, கையை உயர்த்த இயலாவிட்டாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, எந்த அப்பியாசத்தையும் தொடங்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிக்கொள்வதே தக்கது.