பழைய கருவிப் பெட்டிகளில் படிந்த மார்க்கர் மையையும் வர்ணத்தையும் போக்கும் முறை

நம் சங்கங்களின் காரியாலயங்களில் கணினி, அச்சுப்பொறி, கணக்கிடும் கருவி, மின்னணுத் தராசு ஆகியவை இன்றியமையாத சாதனங்களாகிவிட்டன. புதியன வாங்க இயலாத சிறு சங்கங்கள், பிறர் உபயோகித்த கருவிகளை வாங்கிப் பயன்படுத்துகின்றன. இது சிக்கனத்திற்கு உகந்த முறையே. ஆனால் இவற்றின் பிளாஸ்டிக் பெட்டிகளில் முன்னிருந்தோர் மார்க்கர் பேனாவால் எழுதிய எண்களும், சுவருக்கு வர்ணம் பூசுகையில் தெறித்த துளிகளும் நிலைத்திருப்பதுண்டு. அவற்றைப் போக்க எண்ணிக் கையில் கிடைத்த தின்னரை ஊற்றித் துடைப்பவர் பலர். அதனால் கறை நீங்குமுன் பெட்டியே இளகி, மேற்பரப்பு மேடு பள்ளமாகிவிடுகிறது. கறைக்கேற்ற திரவத்தையும் பிளாஸ்டிக்கின் இயல்பையும் அறிந்து செய்தால் இந்த நஷ்டம் நேராது.

முதலில் செய்ய வேண்டியவை

அழிக்கப்போகும் குறி யாது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முந்தைய உடைமையாளரின் எண்ணாயின், அதனையும், கருவியின் வரிசை எண்ணையும், வாங்கிய ரசீதின் விவரத்தையும் சங்கத்தின் சாமான் பதிவேட்டில் எழுதிய பின்னரே அழித்தல் வேண்டும். தணிக்கையின்போது கருவி எங்கிருந்து வந்தது என்ற வினா எழுந்தால், இப்பதிவே விடையாகும். தயாரிப்பாளர் ஒட்டிய வரிசை எண் சீட்டின்மீதும், மின் அளவு குறித்த சீட்டின்மீதும் திரவம் எதுவும் படலாகாது.

மின் இணைப்பை நீக்கி, மின்கலம் இருப்பின் அதனையும் எடுத்துவிட வேண்டும். திரவத்தைக் கருவியின்மேல் நேராகத் தெளிக்கலாகாது. துணியில் நனைத்தே துடைக்க வேண்டும். மின்னணுத் தராசாயின் எடையளவு அதிகாரி இட்ட முத்திரையைத் தொடுதல் கூடாது. முத்திரை உடைந்த தராசில் விளைபொருளை நிறுத்தால், எடை சரியாக இருப்பினும் அங்கத்தினருக்கு நம்பிக்கை பிறவாது; சட்டப்படியும் அது குற்றமாகும். ஆதலின் தராசின் பெட்டியைக் கழற்றாமல் வெளிப்புறத்தை மட்டும் துடைப்பதே முறை.

பிளாஸ்டிக் இன்னதென அறிதல்

பெரும்பாலான பெட்டிகளின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கின் வகை ஆங்கில எழுத்துக்களில் வார்க்கப்பட்டிருக்கும். ஏ.பி.எஸ். என்பது கணினிப் பெட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது. பி.சி. என்பது பாலிகார்பனேட். இவ்விரண்டும் கலந்த வகையும் உண்டு. பி.எஸ். என்பது பாலிஸ்டைரீன், பி.பி. என்பது பாலிபுரோப்பிலீன். இவற்றுள் முதல் நான்கும் அசிட்டோன், தின்னர் முதலியவற்றுக்கு ஆற்றமாட்டாதவை. அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புக்களை உண்டாக்கும்.

தராசு, கணக்கிடும் கருவி ஆகியவற்றில் எண் தெரியும் கண்ணாடி போன்ற பகுதி பல வேளைகளில் அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருக்கும். ஸ்பிரிட் வகைகள் படின் அது நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். அப்பகுதிக்குச் சோப்பு நீர் ஒன்றே போதுமானது. எந்தத் திரவமாயினும், பெட்டியின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் சிறிது தடவி, சில நிமிஷம் பொறுத்து, துணியில் பிளாஸ்டிக்கின் நிறம் ஏறவில்லை, பிசுபிசுப்பு இல்லை என்று கண்ட பின்னரே மேற்புறத்தில் உபயோகிக்க வேண்டும்.

மார்க்கர் மை

மார்க்கர் மையில் நிறம் தரும் பொருளும், அதனை ஒட்டவைக்கும் பிசினும், இரண்டையும் கரைத்து வைக்கும் திரவமும் உள்ளன. எழுதியவுடன் திரவம் ஆவியாகிறது. பிசின் நிறத்தைப் பற்றி நிற்கிறது. அந்தப் பிசினைத் திரும்பவும் கரைக்கும் திரவத்தைக் கொண்டு துடைத்தால் எழுத்து அகலும். இதற்கு ஏற்றது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கைகளைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் ஆல்கஹால் கலந்த திரவமும் ஓரளவு உதவும்.

வெண்மையான பருத்தித் துணியை நனைத்து, எழுத்தின்மேல் சில விநாடி அழுத்திப் பின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும். மை ஏறிய துணிப்பகுதியை உடனுக்குடன் மாற்ற வேண்டும். இல்லையேல் கரைந்த மை பரவிப் பெரிய கறையாகும். ஆல்கஹால் கிடைக்காத இடத்தில், வெள்ளைப் பலகைக்குரிய மார்க்கரால் பழைய எழுத்தின்மீதே எழுதி, ஈரம் உலருமுன் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடுவதுண்டு.

நாள்பட்ட மை மட்டும் எளிதில் அகலாது. பாலியெஸ்டர் நூலுக்கு டிஸ்பர்ஸ் சாயம் ஏற்றுவோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். அச்சாயம் நூலின்மேல் ஒட்டி நிற்பதன்று. நூலினுள்ளே கரைந்து புகுவது. அதுபோலவே மார்க்கரின் சாயமும் நாளடைவில் பிளாஸ்டிக்கினுள் இறங்கிவிடுகிறது. அந்நிலையில் சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்து, மெல்லிய பல் துலக்கியால் தேய்க்கலாம். மெலமின் பஞ்சும் பயன்படும். எனினும் இவை பிளாஸ்டிக்கை மிக நுண்ணியதாக அராவியே கறையை எடுக்கின்றன. ஆதலின் பளபளப்பான பெட்டியில் தேய்த்த இடம் மங்கித் தெரியும்.

எழுத்து முழுதும் நீங்கியும் அதன் வடிவம் வெளுப்பாகத் தெரிவதுண்டு. அது மையன்று. வெயிலும் காற்றும் பட்டுப் பெட்டி முழுதும் மஞ்சளாகியிருக்க, மை மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. இதனைத் தேய்ப்பதில் பயனில்லை.

வர்ணம்

வர்ணத்தில் நீரில் கலக்கும் வகை வேறு, எண்ணெய் எனாமல் வகை வேறு. சுவர்களுக்குப் பூசும் அக்ரிலிக் எமல்ஷன் ஆல்கஹாலில் இளகும். நனைத்த துணியைக் கறையின்மேல் இட்டு, ஆவியாகாதபடி பாலித்தீன் தாளால் மூடி, பத்து நிமிஷம் வைக்க வேண்டும். பின்னர் மூங்கில் சிம்பு அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் சாய்வாக நெம்பினால் தோல்போல் உரிந்து வரும். இரும்புத் தகடும் பிளேடும் ஆகா.

எனாமல் வர்ணத்திற்குக் காஸ்டிக் சோடா உதவும். சாயப் பட்டறையில் வாட் சாயத்திற்கு உபயோகிக்கும் சோடாவே இது. எனாமலின் எண்ணெய்ப் பசையை இது சோப்பாக மாற்றிவிடுவதால் வர்ணம் பிடிப்பிழக்கிறது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் குளிர்ந்த சோடா நீர் கெடுப்பதில்லை. பாலிகார்பனேட்டையோ, அது கலந்த வகையையோ கெடுக்கும். எனவே ஏ.பி.எஸ். என்று எழுத்து கண்ட பெட்டிக்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

உள்ளிருக்கும் கருவி முழுவதையும், சீட்டுக்களையும் நீக்கிய வெறும் பெட்டியையே ஊறவைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் 1 லிட்டர் குளிர்ந்த நீருக்கு 50 கிராம் சோடா போதும். சோடாவையே நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும்; சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. பெட்டியின் உட்புறத்தில் அலுமினியப் பூச்சு இருப்பின் அதுவும் அரிக்கப்பட்டுவிடும். நான்கைந்து மணி நேரம் ஊறிய பின் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நிறைய நீரில் அலச வேண்டும். ரப்பர்க் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இன்றி இவ்வேலையில் இறங்கவே கூடாது. சோடா நீர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விலக்க வேண்டியவை

நகப்பூச்சு நீக்கும் திரவங்களில் பலவும் அசிட்டோன் கலந்தவை. அவற்றையும், தின்னரையும், பெட்ரோலையும் விலக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. விளக்கு, அடுப்பு, பீடி இவற்றுக்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும். நூலும் பஞ்சும் அடுக்கிய கிடங்கில் இவ்வேலையைச் செய்தல் தகாது.

இத்தனை செய்தும் சிறிது நிழல் எஞ்சினால் அதனை அப்படியே விட்டுவிடுவது விவேகம். சங்கத்தின் எண்ணை அச்சிட்ட சீட்டை அவ்விடத்தின்மேல் ஒட்டினால் அது மறைந்துவிடும். இனிமேலாவது சங்கத்தின் எண்ணைக் கருவியின்மேல் மார்க்கரால் எழுதாமல், சீட்டில் எழுதி அடிப்புறத்தில் ஒட்டும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நாளை அக்கருவி வேறொரு சங்கத்திற்குப் போய்ச் சேரும்போது, அவர்களுக்கு இந்தச் சிரமம் இராது.