பெரிய மீன்தொட்டி: எதனால் அமைப்பது?

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பதுளையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் வளர்ந்தவர். தோட்டத்து ஓடையில் பிடித்த மீன்குஞ்சுகளை ஜாம் போத்தலில் இட்டு வகுப்புக்குக் கொண்டு வருவார். இன்று சொந்த உழைப்பில் மாடிவீடு கட்டியிருக்கிறார். அதிலே ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் மீன்தொட்டி ஒன்று அமைக்க வேண்டுமென்பது அவர் ஆசை. "இதைக் கொஞ்சம் பாருங்கள், சேர்" என்று பொருட்பட்டியல் ஒன்றை நீட்டினார்.

"பட்டியல் இருக்கட்டும், தம்பி, முதலில் தண்ணீரைக் கணக்கிடுவோம்" என்றேன்.

அத்தொட்டி கொள்வது ஏறக்குறைய 680 லீற்றர் நீர். எடையும் 680 கிலோ. கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றையும் கூட்டினால் ஒரு தொன்னை நெருங்கும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் நீர் தள்ளும் விசை ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமம். ஐந்தாறு ஆட்கள் இரவு பகலாக அதன்மீது ஏறி நிற்பதற்கு ஒப்பாகும் இது. நீளம் இரட்டித்தால் இவ்விசை இரட்டிக்கும். ஆழம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். ஆழமே தொட்டியின் பகை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

இனிப் பட்டியலுக்கு வருவோம். இடம்: மாடியிலுள்ள மரப்பலகைத் தளம். இது ஆகாது. நிலத்தோடு சேர்ந்த கீழ்த்தளமே இவ்வெடைக்கு ஏற்றது. கண்ணாடி: கடைமுகப்பிலிருந்து கழற்றியது. பழைய கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தாலும் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். வெப்பத்தாற் பதப்படுத்திய கண்ணாடியாயின் அதை வெட்டவும் துளைக்கவும் இயலாது. உடைந்தால் முழுவதும் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். ஆகவே 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய கண்ணாடியும், மேல்விளிம்பிற் குறுக்குப் பட்டைகளும் வேண்டும். ஒட்டுவதற்கு அவர் எழுதியிருந்தது குளியலறைச் சிலிக்கோன். அத்தகையவற்றிற் பலவற்றில் பூஞ்சணக்கொல்லி கலந்திருக்கும்; அது மீனுக்கு நஞ்சு. மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கோனை வாங்குதல் வேண்டும். செம்பும் நாகம் பூசிய தகரமும் நீரிற் படலாகாது.

அலங்காரத்துக்கு ஆற்றுக்கல் என்றிருந்தது. பதுளை, வெலிமடைப் பகுதிகளிற் சுண்ணாம்புச் சத்துள்ள பாறைகள் உண்டு. கல்லைச் சுரண்டிய தூளில் வினாகிரி சில துளி விட்டால், நுரைப்பது நீரின் தன்மையை மாற்றும் கல், நுரைக்காததே நல்லது.

"அக்கிரிலிக் தகடு கண்ணாடியினும் உறுதியானதாமே?" என்று கேட்டார். உண்மைதான். எடையிலும் அது கண்ணாடியிற் பாதிக்குக் குறைவு. ஆயினும் எளிதிற் கீறல் விழும், விலையும் அதிகம். பேர்லின் நகர விடுதி ஒன்றில் பத்து இலட்சம் லீற்றர் கொண்ட அக்கிரிலிக் தொட்டி, 2022 டிசம்பர் 16ஆம் திகதி விடியுமுன் வெடித்துச் சிதறியது. இருவர் காயமுற்றனர், ஏறக்குறைய 1,500 மீன்களிற் பெரும்பாலானவை மாண்டன. பொருள் எத்துணை உயர்ந்ததாயினும் நீரை அலட்சியம் செய்யலாகாது.

மலைநாட்டவர்க்கு வேறொரு வழியும் உண்டு. வெப்பநீர் மீன்களுக்கு 24 முதல் 27 பாகை வெப்பம் தேவை. பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரிரவில் கண்ணாடி அதை விரைவில் இழந்துவிடும். முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்து, ஏனைய பக்கங்களைத் தடித்த பிளைவூட் பலகையால் அமைத்தால் சூடு தங்கும். உள்ளே கண்ணாடியிழைத் துணியும் எப்பொக்சியும் பழுதின்றிப் பூசவேண்டும். சிறு துவாரம் இருந்தாலும் பலகை உக்கிவிடும். சீமெந்துத் தொட்டி மலிவானது. ஆனால் புதுச் சீமெந்தின் காரம் நீங்கும்வரை பல வாரங்கள் நீரை நிரப்பி நிரப்பி இறைக்க வேண்டும். அதுவரை மீன் விடலாகாது.

திருத்திய பட்டியலைப் பார்த்ததும் மாணவரின் முகம் வாடியது. "செலவு கூடிவிட்டதே, சேர். எதைக் குறைப்பது?" என்றார்.

"கண்ணாடியின் தரத்தைக் குறைக்க வேண்டாம், பசையையும் குறைக்க வேண்டாம். ஆழத்தில் அரையடியைக் குறையும். விசை பாதியளவுக்கு இறங்கிவிடும். மெல்லிய கண்ணாடியே போதும். தொட்டியருகே பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். அடுத்த அறையில் உம் தாயார் உறங்குவார். அதை மறவாதீர்" என்றேன்.

கடந்த ஞாயிறன்று அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தொட்டி கீழ்த்தளத்தில் அமைந்துவிட்டது. நான் சொன்னபடி மீன் விடாமல் நீரை மட்டும் நிரப்பி ஒரு வாரம் சோதிக்கிறாராம். ஒரு துளியும் கசியவில்லை.

"மீன் எப்போது வருமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அம்மாவோ வெறுந்தண்ணீருக்கு முன்னாலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார், சேர்" என்றார்.