அம்மாவும் மகளும், ஒற்றைப் படுக்கையறையும்

மயிலாப்பூரின் பழைய அடுக்ககம் ஒன்றில் அம்மாவும் மகளும் மட்டும் குடியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே படுக்கையறை. அது யாருக்கு?

மகளுக்குத்தான். பத்து வயதைத் தாண்டும் பிள்ளைக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அறை சிறிதாயிற்றே என்ற கவலை வேண்டாம். கூடமும் படுக்கையறையுமாக இரண்டு அறை உள்ள வீட்டில் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏறத்தாழ 80 சதுர அடி. ஒற்றைக் கட்டில், படிக்கும் மேசை, சின்ன பீரோ மூன்றும் அதில் அடங்கிவிடும். கூடத்தில் அம்மாவுக்கு அடியில் பெட்டி வைத்த திவான். இரவில் குறுக்கே இழுத்துவிட ஒரு கனமான திரை.

நம் ஊர்க் கோடையில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கத்து ஜன்னலைப் பீரோவால் அடைத்துவிடாதீர்கள். வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பழைய வீடுகளில் கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரை அட்டை வைத்து மூடியிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

பிள்ளை சிறியது என்றால், ஜன்னலுக்கும் பால்கனிச் சுவருக்கும் கீழே ஸ்டூல், கட்டில் எதுவும் கூடாது.

தி.நகரிலோ அடையாறிலோ வீடு வாங்குகிறீர்களா? 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, கார்பெட் ஏரியா கணக்கில் பால்கனியும் வெளிச்சுவரும் சேராது. அந்த அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.