பேய் ஊர் ரெயில் பாதையில் "புதையல்" வேட்டை!

நிலக்கரி ஓடிய தடத்தில் டப்பா தேடும் குடும்பங்கள்

ரெயில் ஓடிய பாதை. இன்று அங்கே ரெயில் இல்லை. தண்டவாளமும் இல்லை. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். கையில் செல்போன், தோளில் பை. நாலு எட்டு நடப்பது, குனிந்து பார்ப்பது, மரப்பொந்தில் கையை விடுவது என்று ஒரே மும்முரம்!

திருடர்களோ என்று பயப்பட வேண்டாம். இவர்கள் புதையல் தேடும் ஆசாமிகள்.

இடம், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். பாதையின் பெயரே "கோஸ்ட் டவுன் டிரெயில்". அதாவது, பேய் ஊர்ப் பாதை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

டப்பாவுக்குள் என்ன?

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். மற்றவர்கள் செயற்கைக்கோள் காட்டும் வழியில் தேடி வரவேண்டும்.

டப்பாவில் தங்கம், வெள்ளி கிடையாது. ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பொம்மை, சாவிக்கொத்து எதையாவது எடுத்தால், அதே மதிப்பில் வேறு பொருள் வைக்கணும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வரணும். அவ்வளவுதான்!

ஆரம்பித்தவர் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் என்ஜினீயர். அதுவரை செயற்கைக்கோள் கணக்கில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிசகு வைத்திருந்தது. 2000 மே 2-ந்தேதி அது நீக்கப்பட்டது. மறுநாளே உல்மர், ஒரேகான் மாநிலத்துக் காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண்!

21 பேர் பலி

பழைய ரெயில் பாதை இந்த விளையாட்டுக்கு ரொம்ப வசதி. நிலக்கரி வண்டி ஏற முடியாது என்பதால் செங்குத்தான மேடு இல்லாமல் பாதை போட்டிருப்பார்கள். குழந்தைகளும் நடக்கலாம். வழியில் பாலம், மதகு, இடிந்த கட்டிடம் என்று ஒளித்து வைக்க ஆயிரம் மூலை.

இந்தப் பாதையில் 16 மைலை 1991-ல் ஒரு பழைய இரும்பு கம்பெனி இனாமாகக் கொடுத்தது. 1994-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பாதை ஓரத்தில் வேரம் என்று ஒரு ஊர் இருந்தது. சுமார் 250 வீடுகள். எல்லாம் சுரங்க கம்பெனி கட்டியவை. 1909 ஜூன் 23-ந்தேதி அந்தச் சுரங்கத்தில் பயங்கர வெடிவிபத்து. 21 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

பின்னர் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போச்சு, ஊரும் போச்சு. வீடுகளைப் பிரித்து மரத்தை விற்றார்கள். வீடுகள் இருந்த இடத்தில் இன்று காடு. கல்லறைத் தோட்டம் இன்னும் பாக்கி. பக்கத்து ஓடையில் சுரங்கக் கழிவு இறங்கி, கல்லெல்லாம் ஆரஞ்சு நிறம்.

"வெடிகுண்டு" பீதி!

விளையாட்டு சில சமயம் வினையாகவும் ஆகிவிடும். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒருவர் தெருவோரம் எதையோ வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து, போலீசுக்குத் தகவல் பறந்தது. ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வெறும் விளையாட்டு டப்பா!

இதனால்தான் கண்டிப்பான விதிகள். நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. ரெயில் ஓடும் தண்டவாளம் பக்கம் வைக்கக் கூடாது.

பழைய சுரங்க வாசலுக்குள் மட்டும் தலையை நீட்டவே கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்த காற்று தேங்கி நிற்கும். நெடியும் இருக்காது, நிறமும் இருக்காது. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

டப்பா தேடி வருகிறவர்களில் பலர் வேரம் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். தேடித் தேடிக் களைத்துப்போய், கல்லறைப் பக்கம் உட்காரும்போதுதான் பெயர்கள் கண்ணில் படுகின்றன. நோட்டில் தன் பெயரை எழுத வந்தவர், அங்கே கொஞ்ச நேரம் நின்று அவர்கள் பெயரைப் படித்துவிட்டுப் போகிறார்.