பூட்டை உடைக்காத திருட்டு

நமது திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெளிநாட்டு ஆர்டர்களையும் வங்கிக் கணக்குகளையும் இன்று இணையத்தின் வழியே கையாளுகின்றன. அச்செய்திகளைப் பிறர் படிக்காதபடி மறைத்து அனுப்ப உதவும் மென்பொருள்களுள் ஒன்று, 1998-இல் தொடங்கிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். ஆகும்.

பூட்டு உறுதியாக இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பூட்டை உடைக்காமலே வேலையை நிறுத்திவிட முடியும். இதற்குச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர்.

2022 மார்ச்சில் வெளியான ஒரு குறை இதற்குச் சான்று. கூகுளைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி அதைக் கண்டறிந்தார். கணினிகள் பேசத் தொடங்குமுன் அடையாளச் சான்றிதழ் காட்டப்படும். சிலவகைச் சான்றிதழைப் படிக்க ஒருவகை வர்க்கமூலக் கணக்குப் போட வேண்டும். அதில் வகுக்கும் எண் பகா எண்ணாக இருக்க வேண்டும். தீயவர் பகு எண்ணைத் தந்தால் கணக்கு முடிவின்றிச் சுழலக்கூடும். சான்றிதழின் கையொப்பம் மெய்யா என்று பார்க்குமுன்பே இது நடந்துவிடும்!

கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் ஒருவன் விடையில்லாக் கணக்கைக் கொடுத்ததாக நினைப்போம். அவர் அதிலேயே மூழ்கினால், அடையாள அட்டையுடன் வந்த தொழிலாளர் வெளியே நிற்பர். ஒரு நூல்கண்டும் களவு போகவில்லை. அன்றைய வேலை போயிற்று. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்குப் பிந்தினால், கூலியை நம்பிய வீடுகளும் வாடும்.

மார்ச் 15 அன்றே திருத்திய பதிப்புகள் வந்தன. நம் நாட்டில் 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்பும் இத்தகைய குறைகளை அறிவித்து எச்சரிக்கிறது. மருந்து வந்தும் உண்ணாதவர்க்கு நோய் தீராது. திருத்தத்தை உடனே ஏற்பதும் காவலே என்று உணர்வோமாக!