சேற்றில் சுழலும் சில்லு

மட்டக்களப்பு வாவி ஒரு நாட்டை இரு கரைகளாகப் பகுத்து நிற்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் கரையில் மணல். ஞாயிறு படும் கரையில் வயற்சேறு. இரண்டுமே மோட்டார் வண்டிக்குப் பகைதாம். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அத்துறையில் படகுப் பாதைக்காகக் காத்து நின்ற மக்கள் இன்று சில நிமிடங்களில் வாவியைக் கடக்கின்றனர். ஆயினும் பாலம் முடிந்த இடத்தில் பயணம் முடிவதில்லை. அதற்கப்பால் கிரவல் வீதி, அதன்பின் குளக்கட்டு, அதன்பின் வயல்வழி. வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் விதைநெல்லும் பசளையும் செல்வது இவ்வழியேதான். நோயாளியும் பிள்ளை பெறவிருக்கும் தாயும் வைத்தியசாலைக்கு வருவதும் இவ்வழியேதான்.

அத்தகைய வழியில் நேயர்கள் பலர் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. வண்டியின் ஒரு சில்லு சேற்றில் இறங்கிவிடுகிறது. மற்றது நல்ல கெட்டித் தரையில் நிற்கிறது. சாரதி இயந்திரத்தை முடுக்குகிறார். சேற்றில் இருக்கும் சில்லு கிறுகிறுவெனச் சுழன்று சேற்றை வாரி இறைக்கிறது. தரையில் இருக்கும் சில்லோ அசையாமல் நிற்கிறது. வேலை செய்ய இடமுள்ள சில்லு சும்மா நிற்க, இடமில்லாத சில்லு சுழல்வது ஏன்? இதற்கு மருந்தாக வந்த டிபரன்சியல் பூட்டு, இழுவைக் கட்டுப்பாடு ஆகிய இரண்டிலும் நமது நிலத்துக்கு ஏற்றது எது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு நெடுந்தூரமும் உட்புறச் சில்லு குறுந்தூரமும் ஓடவேண்டும். மாட்டு வண்டிக்கு இதனால் இடரில்லை. அதன் சில்லுகள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. மோட்டார் வண்டியிலோ ஓர் இயந்திரமே இரு சில்லுகளையும் சுழற்றவேண்டும். அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே டிபரன்சியல் என்னும் பல்லுச் சில்லுத் தொகுதி. பிரான்சு நாட்டு மணிக்கூட்டுத் தொழிலாளர் ஒனெசிபோர் பெக்கர் என்பவர், 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அதே தத்துவமே நம் வண்டிகளில் இயங்குகிறது.

இத்தொகுதியின் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். ஏர்க்காலில் நடுவே கட்டிய நுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு மாடுகளும் ஒப்ப இழுத்தால் ஏர் நகரும். ஒரு மாடு கால் வழுக்கி இழுப்பை விட்டால், மற்ற மாடு எவ்வளவு வலியதாயினும் நுகம் திரும்புமேயன்றி ஏர் நகராது. டிபரன்சியலும் இரு சில்லுகளுக்கும் சமமான முறுக்கு விசையையே வழங்கும். சேற்றுச் சில்லு 20 பங்கு விசையை மட்டும் தாங்குமானால், 100 பங்கைத் தாங்கவல்ல தரைச் சில்லுக்கும் 20 பங்கே கிடைக்கும். ஆக மொத்தம் 40. வண்டியை வெளியே எடுக்க 90 பங்கு தேவையென்றால் இயந்திரம் எத்தனை குதிரைவலு உடையதாயினும் பயனில்லை. எஞ்சிய வலுவெல்லாம் சில்லைச் சுழற்றிக் குழியை ஆழமாக்கவே உதவும்.

முதல் மருந்து டிபரன்சியல் பூட்டு. நுகம் திரும்பாதபடி இறுக்கிக் கட்டிவிடுவதைப் போன்றது இது. இரு சில்லுகளும் ஒரே அச்சில் அறைந்தவைபோல் ஒரே வேகத்தில் சுழலும். அப்போது சேற்றுச் சில்லு தன் 20 பங்கையும் தரைச் சில்லு 70 பங்கையும் இழுக்க, தேவையான 90 கிடைத்துவிடுகிறது. வீண் செலவு ஏதுமில்லை. மாசி பெர்குசன் 240 போன்ற உழவு இயந்திரங்களில் சாரதியின் காலடியில் இதற்கென ஒரு மிதி உண்டு. கையால் பிடித்து நடத்தும் இருசில்லு உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் டிபரன்சியலே இல்லை. திருப்பும்போது மட்டும் ஒரு பக்கச் சில்லின் கிளச்சைக் கைப்பிடியால் விலக்குகிறோம். நேரே செல்லும்போது இரு சில்லுகளும் பூட்டியபடியே ஓடுகின்றன. அச்சிறு இயந்திரம் சேற்றில் காட்டும் வீரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் மருந்து இழுவைக் கட்டுப்பாடு. பெயர் புதிதாயினும் இதன் தத்துவத்தை நம் உழவு இயந்திரச் சாரதிகள் நெடுங்காலமாக அறிவர். உழவு இயந்திரத்தில் இடப்பின் சில்லுக்கு ஒன்று, வலப்பின் சில்லுக்கு ஒன்று என இரு பிரேக் மிதிகள் உண்டு. சேற்றில் சுழலும் சில்லின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்தால், நின்ற சில்லு உயிர் பெற்று இழுக்கத் தொடங்கும். புதிய வண்டிகளில் இதே வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் உணரிகள் அளந்துகொண்டே இருக்கும்; ஒன்று அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் பிரேக் தானாகவே பிடிக்கும்.

நமது கணக்கையே மீண்டும் பார்ப்போம். தரைச் சில்லுக்கு 70 பங்கு கிடைக்கவேண்டுமானால் சேற்றுப் பக்கத்துக்கும் 70 பங்கு போயே ஆகவேண்டும். அதில் 20 பங்கைச் சேறு தாங்குகிறது. எஞ்சிய 50 பங்கைப் பிரேக் தாங்கவேண்டும். அந்த 50 பங்கும் வெப்பமாகி வீணாகிறது. 90 பங்கு பெறுவதற்கு இயந்திரம் 140 பங்கு கொடுக்கிறது. சில கணங்களுக்கு இது பெரிதன்று. அரை மைல் தூரம் சேற்றிலேயே ஊர்வதானால் பிரேக் சூடேறிவிடும். அன்றியும், சில்லு வழுக்கிய பின்னரே கருவி விழித்துக்கொள்ளும். பூட்டோ வழுக்குமுன்னரே ஆயத்தமாக நிற்கும்.

அப்படியானால் பூட்டே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. பூட்டிய வண்டி எளிதில் திரும்பாது; நேரே செல்லவே முனையும். கெட்டித் தரையில் பூட்டோடு திருப்பினால் ரயர் தேயும். அச்சும் பல்லுச் சில்லும் முறியக்கூடும். குளக்கட்டின் சரிவில் இதனினும் பெரிய ஆபத்து உண்டு. பூட்டாத வண்டியில் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது உருளாமல் நின்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும். பூட்டிய வண்டியில் இரண்டும் ஒருங்கே வழுக்கி, வண்டியே சரிவில் இறங்கிவிடலாம். இழுவைக் கட்டுப்பாட்டில் இந்த இடர் குறைவு. சாரதி எதையும் நினைவில் வைத்துப் போடவோ எடுக்கவோ வேண்டியதில்லை. வண்டியும் இயல்பாகத் திரும்பும்.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டிகளிலும் இதே வினா எழுகிறது. எப்போதும் நான்கு சில்லுகளாலும் ஓடும் வண்டியில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று, இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று டிபரன்சியல்கள் உண்டு. 1998இல் வெளிவந்த லான்ட் றோவர் டிஸ்கவரி இரண்டாம் தொகுதி வண்டியில், மின்னணுக் கருவி போதும் என நம்பி, நடு டிபரன்சியலைப் பூட்டும் கைப்பிடியை நீக்கிவிட்டனர். சில ஆண்டுகளில் அக்கைப்பிடி மீண்டும் வந்து சேர்ந்தது. கருவி கெட்டிக்காரத்தனம் உடையதுதான்; எனினும் பழைய இரும்புப் பூட்டின் வேலை முழுவதையும் அது செய்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. நம் வீதிகளில் காணும் டபிள் கெப் வண்டிகள் பலவற்றில் நடு டிபரன்சியல் இல்லை. நான்கு சில்லு இழுவையைப் போட்டவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடும். ஆதலின் சேறு கடந்து தார் வீதிக்கு ஏறியதும் அதனை விலக்கிவிடுதல் வேண்டும்.

இனி, நமது நிலத்துக்கு வருவோம். படுவான்கரை வயல்வழியில் ஆழமான சேற்றினூடே மெல்லச் செல்லவேண்டியவர் பூட்டை நம்புக. சேற்றுக்குள் இறங்குமுன்னரே அதனைப் போடுக. சில்லு வேகமாகச் சுழலும்போது போட்டால் பற்கள் உடையும். கெட்டித் தரை வந்ததும், திரும்புமுன் எடுத்துவிடுக. பாதி கெட்டியும் பாதி குழியுமான கிரவல் வீதியில் பயணிகளோடு செல்பவருக்கு இழுவைக் கட்டுப்பாடு போதும். அங்கே சில்லு சற்றுச் சுழன்றவுடன் அஞ்சி முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடாமல், சீராக மிதித்துக்கொண்டிருத்தல் வேண்டும். அப்போதுதான் கருவி தன் வேலையைச் செய்ய இயலும்.

எழுவான்கரை மணலில் நிலைமை வேறு. அங்கே எல்லாச் சில்லுகளின் கீழும் ஒரே நொய்ம்மை. ஒன்றிலிருந்து மற்றதற்கு விசையை மாற்றுவதால் அதிக ஊதியமில்லை. சில வண்டிகளில் இழுவைக் கட்டுப்பாடு இயந்திர வலுவையும் குறைத்துவிடும். மணலில் அது வண்டியை நிறுத்திவிடுமாதலால், அதனை நிறுத்தும் பொத்தானை அறிந்து வைத்தல் நன்று. மணலில் உண்மையான உதவி ரயரின் காற்றைக் குறைப்பதே. ரயர் அகன்று மணல்மீது பரவி நிற்கும். தார் வீதியில் ஓடுமுன் மீண்டும் காற்று நிரப்பிக்கொள்ள மறக்கலாகாது. உழவு இயந்திரக்காரருக்கும் ஒரு சொல்: வயலில் தனித்தனியாக மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும் வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகக் கொளுவிக்கொள்க. வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் இயந்திரம் குடைசாயும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்றுண்டு. பூட்டும் கட்டுப்பாடும் நிலத்தில் இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுத் தருவன. இல்லாத பிடிப்பை உண்டாக்குவன அல்ல. ஓடும் வெள்ளத்தில் வண்டியைத் தள்ளுவது நீரின் வேகம். ரயர்கள் நீரில் மிதக்கத் தொடங்கினால் வண்டியின் பாரமே நிலத்தைச் சேராது. பாரம் இல்லாத இடத்தில் பிடிப்பு ஏது? 2024 நவம்பர் இறுதியில் பெருமழை பெய்த நாளில், அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில், மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனதையும், இளம் உயிர்கள் பல மாண்டதையும் நாம் மறத்தற்கில்லை. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எதையும் கடக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சேற்றைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. வீதியை மூடி ஓடும் வெள்ளத்தைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமே இல்லை.

ஆகவே, நேயர்களே, மாரி தொடங்குமுன் உங்கள் வண்டியில் பூட்டு உண்டா, கட்டுப்பாடு உண்டா, இரண்டும் உண்டா என்பதை அறிந்துகொள்ளுங்கள். காய்ந்த வெறும் வளவில் ஒருமுறை போட்டும் எடுத்தும் பழகிக்கொள்ளுங்கள். நிலம் தரும் பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துவது சாரதியின் திறமை. நிலம் பிடிப்பைத் தராத இடத்தில் நின்று, நீர் வடியும் வரை காத்திருப்பது அவரது அறிவு. ஏறியிருப்போர் கரை சேர அவ்விரண்டும் வேண்டும்.