வானில் ஒரு பாகப்பிரிவினை

ஐரோப்பிய வான்வெளியில் பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானியிடம், '118.005-க்கு மாறுங்கள்' என்கிறார் தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர். விமானி அந்த ஆறு இலக்கங்களையும் ரேடியோவில் திருகி வைக்கிறார். ரேடியோ எந்த அதிர்வெண்ணில் பேசத் தொடங்கும் தெரியுமா? 118.000 மெகாஹெர்ட்ஸில். 118.010 என்று வைத்தால் 118.0083-இல் பேசும். 118.000 என்றே வைத்தாலும் 118.000-இல்தான் பேசும், ஆனால் மூன்று மடங்கு அகலமான பாதையில். திருகி வைக்கும் எண் அதிர்வெண்ணின் பெயர் மட்டும்தான். அதன் கடைசி இலக்கங்களைப் பார்த்துத்தான், தான் போக வேண்டியது அகலப் பாதையா ஒடுக்கமான பாதையா என்று ரேடியோ தெரிந்துகொள்கிறது.

விமானிக்கும் தரைக்கும் இடையிலான பேச்சு உலகம் முழுக்க 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டில்தான் பெரும்பாலும் நடக்கிறது. நாம் கேட்கிற எஃப்.எம். நிலையங்கள் 108-இல் முடிகின்றன. அங்கிருந்து 118 வரை வழிகாட்டும் கருவிகளுக்கு, அதற்கு மேல் பேச்சுக்கு. மொத்தம் 19 மெகாஹெர்ட்ஸ். அலைக்கற்றையை யாராலும் உற்பத்தி செய்ய முடியாது, பங்கிட்டுக்கொள்ளத்தான் முடியும். விமானங்கள் பெருகப் பெருக இந்தத் துண்டைத்தான் திரும்பத் திரும்ப நறுக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தில் அலைவரிசைக்கு அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. பிறகு 100, அப்புறம் 50. 1970-களில் 25 ஆனது. அதன்படி 760 அலைவரிசைகள்.

760 போதாதா என்று கேட்கலாம். இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் பேச்சு 400 கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கும். ஐரோப்பாவில் அந்தத் தொலைவுக்குள் மூன்று நான்கு நாடுகள் அடங்கிவிடும். ஒரு நாடு பயன்படுத்தும் எண்ணைப் பக்கத்து நாடு தொட முடியாது. இன்னொரு பக்கம், ஒரு கட்டுப்பாட்டாளர் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய விமானங்களுக்கு ஓர் அளவு உண்டு. நெரிசல் கூடினால் வான்பகுதியை இரண்டாகப் பிரித்து இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும். அவருக்குத் தனி அலைவரிசை வேண்டும். அது கிடைக்காவிட்டால் பகுதியைப் பிரிக்க முடியாது. விமானங்கள் தரையிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அதனால் 25-ஐ மூன்றாகப் பிளந்தார்கள். 8.33 கிலோஹெர்ட்ஸ். மனிதக் குரலுக்கு அவ்வளவு இடமே தாராளம். பழைய ரேடியோக்களின் அதிர்வெண் சற்று இப்படி அப்படி நகரும் என்பதற்காகத்தான் அத்தனை அகலம் விட்டிருந்தார்கள். கருவிகள் துல்லியமானதும் அந்த இடைவெளியை மீட்க முடிந்தது.

பிளப்பது எளிது, எல்லாரையும் அதற்குள் கொண்டுவருவதுதான் கடினம். பழைய 25 கிலோஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு அகலமான காது. ஒடுக்கமான மூன்று அலைவரிசைகளின் பேச்சும் அதற்குள் ஒன்றாகக் கொட்டும். புதிய அலைவரிசையில் பேசும் கூட்டத்துக்குள் பழைய ரேடியோவோடு ஒரே ஒரு விமானம் நுழைந்தாலும் எல்லாருக்கும் தொல்லை. அதனால் 1999 அக்டோபரில் நடு ஐரோப்பிய நாடுகள் 24,500 அடிக்கு மேல் மட்டும் இதைக் கட்டாயமாக்கின. 2007-இல் அந்த எல்லை 19,500 அடிக்கு இறங்கியது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி, 2018 தொடக்கத்தை ரேடியோ மாற்றக் கெடுவாக வைத்துக் கீழே பறப்பவர்களையும் உள்ளே இழுத்தது. இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் வைத்திருப்பவரும், கிளைடர் ஓட்டுபவரும் தம் கைக்காசைப் போட்டு ரேடியோவை மாற்ற வேண்டியிருந்தது. அவர்களுடைய மனக்குறை நியாயமானது. ஆனாலும் கட்டாயம் சரிதான் என்பேன். பொதுச் சொத்தில் ஒருவர் மட்டும் பழைய அளவிலேயே இருப்பேன் என்றால் பங்கீடே குலைந்துவிடும்.

ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. விமானப் பேச்சு இன்றும் பழைய ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும். மற்றவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். யாரோ இடையில் பேசினார் என்றாவது தெரியும். 1977 மார்ச் 27, தெனரீஃப் தீவு, அடர்ந்த மூடுபனி. ஓடுபாதையில் ஓடத் தொடங்கியிருந்த கே.எல்.எம். விமானத்திடம், காத்திருங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். அதே நொடியில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னார். கே.எல்.எம். விமானி அறையில் விழுந்தது ஒரு நீண்ட கீச்சொலி. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று கிடையாது.

பேச்சைக் குறைத்து எழுத்தாக அனுப்பினால் இடம் மிச்சமாகுமே என்ற எண்ணமும் வந்தது. உயரம் மாறுங்கள், அடுத்த அலைவரிசைக்குப் போங்கள் என்பதுபோன்ற கட்டளைகள் குறுஞ்செய்தியாக விமானியின் திரையில் வரும். ஐரோப்பா இதையும் கட்டாயமாக்கியது. ஆனால் இணைப்புகள் நடுவில் அறுந்துகொண்டே இருந்தன. எல்லாச் செய்தியும் 136.975 என்ற ஒரே அலைவரிசையில் போய் நெரிந்ததுதான் முதன்மைக் காரணங்களில் ஒன்று. கூடுதல் அலைவரிசைகள் திறக்க வேண்டியிருந்தது. 2015-க்கு வைத்த கெடு 2020-க்குத் தள்ளிப்போனது. விதியை எழுதுவதற்கு முன்பே உண்மையான நெரிசலில் சோதித்திருக்க வேண்டும்.

அமெரிக்கா 8.33-ஐ ஏற்கவில்லை. 25 கிலோஹெர்ட்ஸ் பாதையிலேயே நான்கு பேச்சுகளை எண்முறையில் அடைக்கும் வேறொரு திட்டத்தைப் பிடித்து, பின்னர் அதையும் கைவிட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தர நூலில் இரண்டுமே இடம்பெற்றிருந்தன. பொதுத் தரம் என்று ஒரே நூலில் இரண்டு வழிகளை எழுதிவைப்பது ஒப்பந்தமாகாது. அட்லாண்டிக்கைக் கடக்கிற விமானம் இருபக்கத்து முறையும் தெரிந்த ரேடியோவைச் சுமந்துதான் போகிறது.

நடுக்கடலில் இன்னொரு கஷ்டம். சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் வங்கக் கடலின் பெரும்பரப்பு இருக்கிறது. கரையைவிட்டு வெகுதூரம் போய்விட்டால் இந்த அலைகள் எட்டாது. இரைச்சல் மிகுந்த சிற்றலையையோ செயற்கைக்கோளையோ நம்ப வேண்டும். 2023-இல் துபாயில் கூடிய உலக வானொலி மாநாடு, விமானம் தன் வழக்கமான ரேடியோவிலேயே செயற்கைக்கோள் வழியாகப் பேச இதே 118–137 துண்டில் இடம் ஒதுக்கியது. ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் இடத்துக்குள் விண்ணிலிருந்தும் ஒரு பங்காளி வருகிறார். தரையில் பேசுபவர்களுக்கு இடைஞ்சல் வராமல் அவருக்கு இடம் கொடுப்பதே இனி வேலை.

இத்தனை நறுக்கலிலும் கத்தி படாத எண் ஒன்று உண்டு. 121.5 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் இருப்பவர் கூப்பிடும் அலைவரிசை. எவ்வளவு பழைய ரேடியோவில் கூப்பிட்டாலும் கேட்க வேண்டும் என்பதற்காக, ஐரோப்பாவின் விதி அதை 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலேயே விட்டுவைத்திருக்கிறது.